பூவைப் பிரிக்காமல் பூப்பாடமா?

இப்பதிவு சிலருக்குக் கசக்கும். கசந்தாலும் எழுதியே ஆகவேண்டும் என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

அண்மையில் எங்கள் வட்டாரத்தில் நடந்த ஒரு பெற்றோர் கூட்டத்தில் ஒரு தந்தையார் எழுந்து நின்றார். “மகரந்தத்தாள், மகரந்தப்பை, சூலகமுடி என்று பிள்ளைகளின் வாயில் நுழையாத சொற்களைத் திணிக்கிறீர்கள். இதனால்தான் அறிவியலை ஆங்கிலத்திலேயே நடத்துங்கள் என்று கேட்கிறோம்” என்றார். கூட்டம் கைதட்டியது. பெற்றோர் தட்டியதில் எனக்கு வியப்பில்லை. பிள்ளையின் எதிர்காலத்தைப் பற்றிய அச்சம் அவர்களுக்கு. ஆனால், தட்டிய கைகளுள் தமிழாசிரியர்களின் கைகளும் இருந்தனவே! அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

சொல்லின்மேல் பழி போடுகிறோம். சரி, அந்தச் சொற்களையே எடுத்துக்கொள்வோம்.

பூவின் ஆண் பாகத்துக்கு மகரந்தத்தாள் என்று பெயர். அதற்கு இரண்டே உறுப்புகள். மெல்லிய காம்பு ஒன்று. அதன் நுனியில் பை ஒன்று. பைக்குள் இருப்பது மகரந்தம். ஆகவே அது மகரந்தப்பை. மூன்றாம் ஆண்டுப் பிள்ளைக்குப் ‘பை’ என்றால் என்னவென்று தெரியாதா? ‘காம்பு’ என்றால் தெரியாதா? மகரந்தம் என்ற ஒரே ஒரு சொல்லைத்தான் புதிதாகக் கற்கவேண்டும். அதைக் கற்றுவிட்டால் மகரந்தப்பை, மகரந்தத் துகள், மகரந்தச் சேர்க்கை ஆகிய மூன்றும் தாமாகவே விளங்கிவிடும்.

இப்போது ஆங்கிலத்துக்கு வாருங்கள். ஸ்டேமன், ஆந்தர், ஃபிலமென்ட், போலன். ஸ்டேமன் என்பது இலத்தீன் மொழியில் தறியில் நிற்கும் பாவு நூலைக் குறித்த சொல். ஆந்தர் என்பது பூவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. ஒரு காலத்தில் பூக்களிலிருந்து செய்த மருந்துக்கு அந்தப் பெயர் இருந்தது. போலன் என்றால் இலத்தீனில் நுண்ணிய மாவு. இவற்றுள் எந்தச் சொல் தன் பொருளைத் தானே சொல்கிறது? இலண்டனில் பிறந்த ஆங்கிலேயப் பிள்ளையும் இந்த நான்கையும் பொருள் தெரியாமல் நெட்டுருப் போடத்தான் வேண்டும். அந்தப் பிள்ளைக்கே ஒளிந்திருக்கும் பொருள், கம்போங் ராஜாவின் பிள்ளைக்கு மட்டும் எப்படி வெளிச்சமாகிவிடும்?

மலாய்மொழியைப் பாருங்கள். மகரந்தத்துக்கு அவர்கள் ‘டெபுங்கா’ என்கிறார்கள். டெபு என்றால் தூசு. பூங்கா என்றால் மலர். மலர்த்தூசு! தம் மொழியின் இரு எளிய சொற்களை இணைத்து, கூச்சப்படாமல் பாடநூலில் அச்சிட்டு, நாடு முழுவதும் பரப்பிவிட்டார்கள். இன்று படிவம் 1 மாணவர் எவரும் அந்தச் சொல் வாயில் நுழையவில்லை என்று முறையிடுவதில்லை. நம்மிடம் பூந்தாது என்ற சொல் இருக்கிறது. சங்கப் பாடல்களில் தாது என்று பல இடங்களில் வரும் சொல்தான் அது. ஈராயிரம் ஆண்டுப் பழமையுள்ள சொல்லை வைத்துக்கொண்டு நாம் கூச்சப்படுகிறோம்.

இங்கே இன்னொரு கூட்டத்தாரையும் கண்டிக்காமல் விட்டால் நான் நடுநிலை தவறியவனாவேன். “மகரந்தம் வடசொல், அதை விலக்கிப் பூந்தாது என்றே எழுதவேண்டும்” என்று பட்டிமன்றம் நடத்தும் தனித்தமிழ் அன்பர்களைச் சொல்கிறேன். அவர்கள் சொல்வதில் உண்மை உண்டு. மகரந்தம் வடசொல்தான். அதுமட்டுமன்று, வடமொழியில் அது முதலில் பூவின் தேனைக் குறித்தது. தமிழுக்கு வந்து தாதுவைக் குறிக்கும் சொல்லாக நிலைத்துவிட்டது. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களிலோ மகரந்தத்தாளுக்குக் கேசரம் என்றும், மகரந்தப்பைக்கு மகரந்தக்கூடு என்றும் வழங்குகிறார்கள். தமிழ்நாட்டில் ஒரு சொல், யாழ்ப்பாணத்தில் ஒரு சொல். இதில் எது சரி என்று நானும் ஒரு மாலைப்பொழுது முழுக்க வாதாடுவேன். எனக்கும் அதில் சுவை உண்டு. ஆனால், மேசைமேல் ஒரு பூவும் இல்லாமல் அந்த வாதத்தை நடத்துவது வீண். பொருளைக் கண்ட பிள்ளைக்குக் கேசரம் என்றாலும் விளங்கும், தாள் என்றாலும் விளங்கும், ஸ்டேமன் என்றாலும் விளங்கும். காணாத பிள்ளைக்கு மூன்றும் ஒன்றே. மூன்றும் ஒலி மட்டுமே.

இதுதான் என் வழக்கு. நம் பிள்ளைகள் பூவைக் கண்டதில்லை. சூடியிருக்கிறார்கள், தொடுத்திருக்கிறார்கள், சாமிக்குச் சாத்தியிருக்கிறார்கள். பிரித்துப் பார்த்ததில்லை. நாம் பிரிக்க விட்டதில்லை.

செம்பருத்தியின் சிக்கல்

பூவின் பாகங்கள் என்றவுடன் வெண்பலகையில் செம்பருத்தியை வரைகிறோம். 1960ஆம் ஆண்டு தேசிய மலராக அறிவிக்கப்பட்ட பூ, எல்லாப் பள்ளி வளாகத்திலும் இருக்கும் பூ, பெரிய பூ. ஆகவே வசதி. ஆனால் உண்மையான செம்பருத்தியைப் பறித்து, நாம் வரைந்த படத்தின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒத்துப்போகிறதா?

பாடப்படத்தில் மகரந்தத்தாள்கள் தனித்தனியே நிற்கும். நடுவில் சூலகம் தனியாக நிற்கும். செம்பருத்தியிலோ அத்தனை மகரந்தக் காம்புகளும் ஒன்றாய் இணைந்து ஒரு குழாயாகிவிட்டன. அந்தக் குழாய்க்குள்ளே சூலகத்தண்டு நுழைந்து மேலே வந்து, நுனியில் ஐந்தாகக் கிளைத்து, ஐந்து சிவந்த உருண்டைகளாக முடிகிறது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அந்த ஒற்றைத் தூண் ஆணும் பெண்ணும் சேர்ந்த தூண். பிள்ளை அதைக் காண்கிறது. “நடுவில் இருப்பது பெண் பாகம்” என்று ஆசிரியர் சொன்னது நினைவுக்கு வருகிறது. முழுத் தூணையும் சூலகம் என்று குறிக்கிறது. நாம் சிவப்பு மையால் பிழை போடுகிறோம். யார் பிழை?

இன்னும் ஒன்று. பாடப்படத்தில் மகரந்தப்பைக்கு இரண்டு மடல்கள் இருக்கும். செம்பருத்திக் குடும்பத்தின் மகரந்தப்பையோ ஒரே அறையுடைய, சிறுநீரக வடிவான ஒன்று. ஆக, எந்தப் பூவைக் காட்டுகிறோமோ அந்தப் பூ விதிக்கு விலக்கு. அதை விதியாக வரைகிறோம். இதன் பிறகு, மகரந்தச் சேர்க்கை நடந்தால் காய் உண்டாகும் என்று அதே பூவை வைத்தே பாடத்தைத் தொடர்கிறோம். நம் வேலியோரச் செம்பருத்தியில் காயைப் பார்த்தவர் எத்தனை பேர்? அது அரிதாகவே காய்க்கும். தண்டை ஒடித்து நட்டுத்தான் அதைப் பெருக்குகிறோம். ‘ஏன் ஐயா காய்க்கவில்லை?’ என்று ஒரு பிள்ளை கேட்டால் அந்தப் பிள்ளைதான் அறிவியல் மாணவன். நம் வகுப்பில் அக்கேள்வி எழாததற்குக் காரணம், கேள்வி எழும்படி நாம் எதையும் காட்டாததுதான்.

செம்பருத்தியை விலக்கச் சொல்லவில்லை. அதை இரண்டாவது பூவாகக் காட்டுங்கள். முதலில் அல்லியை, அதாவது பூக்கடையில் விற்கும் லில்லியைக் காட்டுங்கள். ஆறு தாள்கள், தனித்தனியாக, ஒரு விரல் நீளத்துக்கு நிற்கும். பையைத் தொட்டால் விரலில் காவிநிறம் ஒட்டும். பூக்கடைக்காரர்கள் இதழிலும் துணியிலும் கறை படியாதிருக்க அந்தப் பைகளைக் கிள்ளி எறிந்துவிடுவார்கள். கிள்ளாத பூவாகக் கேட்டு வாங்கவேண்டும். கடைக்காரர் வியப்பாகப் பார்ப்பார், பார்க்கட்டும்.

தேயிலைக்குப் பூ உண்டா?

இந்தக் கேள்வியை எத்தனையோ பிள்ளைகளிடம் கேட்டிருக்கிறேன். கேமரன் மலையில் பிறந்த பிள்ளைகள். பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து தேயிலையால் சோறு உண்ட குடும்பங்களின் பிள்ளைகள். பாதிப்பேர் “இல்லை” என்பார்கள். மீதிப்பேர் கொழுந்தைத்தான் பூமொட்டு என்பார்கள்.

அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. கேமரன் மலையில் 1929இல் போ தேயிலைத் தோட்டம் தொடங்கியது முதல் நம் மக்கள் இந்தச் சரிவுகளில் உழைத்தார்கள். அந்தக் காலத்துத் தோட்டப் பிள்ளை தாயின் கூடையைப் பிடித்துக்கொண்டு செடிக்கு நடுவே நடந்தது. அதற்குச் செடி தெரியும். இன்று கொழுந்து பறிப்பவர்களுள் பெரும்பாலோர் வெளிநாட்டிலிருந்து வந்த தொழிலாளர்கள். நம் பிள்ளைகள் பள்ளி வேனில் அமர்ந்து, கண்ணாடி வழியாகத் தேயிலையைப் பச்சைக் கம்பளமாகக் காண்கிறார்கள், சுற்றுலாப் பயணியைப் போல. உழைப்பிலிருந்து அவர்கள் விடுபட்டது நன்று. அதோடு அறிவிலிருந்தும் விடுபட்டுவிட்டார்களே என்பதுதான் என் வருத்தம்.

தேயிலைக்குப் பூ உண்டு. அழகான பூ. வெள்ளை இதழ்கள் ஐந்து முதல் எட்டு வரை இருக்கும். நடுவில் மஞ்சள் நிறத்தில் ஒரு கொத்துத் தாள்கள்; எண்ணிப் பார்த்தால் பெரும்பாலும் நூற்றைத் தாண்டும். பூவின் பாகங்கள் பாடத்துக்கு மகரந்தத்தாளைக் காட்ட இதைவிட நல்ல பூ இந்த மலையில் இல்லை. வரிசைச் செடிகளில் இது எளிதில் கண்ணில் படாது. ஏனெனில் கொழுந்து ஓயாமல் பறிக்கப்படுகிறது, செடி கவாத்து செய்யப்படுகிறது. பூப்பதற்கு அதற்கு வாய்ப்பே கொடுப்பதில்லை. தோட்டக் கணக்கில் பூ என்பது நட்டம். இலைக்குப் போகவேண்டிய சத்து பூவுக்கும் காய்க்கும் போய்விடும். சாலையோரத்தில், வாய்க்கால் கரையில், பறிப்பவர் கைக்கு எட்டாமல் தப்பி வளர்ந்த செடியில் தேடினால் கிடைக்கும்.

இதிலே இன்னோர் அரிய பாடம் இருக்கிறது. தேயிலைப் பூவில் ஆண் பாகமும் உண்டு, பெண் பாகமும் உண்டு. ஆயினும், தன் தாதுவைத் தானே ஏற்றுக் காய்ப்பது மிகக் குறைவு. வேறொரு செடியின் தாது வரவேண்டும். ஆகவே விதையிலிருந்து முளைத்த ஒவ்வொரு தேயிலைச் செடியும் மற்றொன்றைப் போல இராது. ஒன்றின் இலை பெரிது, ஒன்றின் சுவை கடுப்பு, ஒன்று நோயைத் தாங்கும், ஒன்று தாங்காது. தோட்டங்களுக்கு இந்த வேறுபாடு தொல்லை. அதனால் நல்ல செடி ஒன்றைத் தேர்ந்து, ஓர் இலையும் ஒரு கணுவும் உள்ள தண்டுத் துண்டுகளை வெட்டிப் பதியம் போட்டு, ஒரே அச்சில் வார்த்ததுபோல் ஆயிரக்கணக்கில் பெருக்கும் முறை வந்தது. பூவின் வேலையைக் கத்தி எடுத்துக்கொண்டது. மகரந்தத்தாள் எதற்கு என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை எந்தப் பாடநூலில் இருக்கிறது? தாது கலந்தால் வேற்றுமை. கலக்காவிட்டால் ஒரே வார்ப்பு. ஒரு மலைச்சரிவு முழுவதும் இந்தப் பாடம் எழுதிக் கிடக்கிறது. நாமோ கதவைச் சாத்திக்கொண்டு வெண்பலகையில் செம்பருத்தி வரைகிறோம்.

லின்னேயசு என்ற சுவீடன் நாட்டு அறிஞர் 1753இல் தேயிலைக்கு அறிவியல் பெயர் சூட்டியபோது, அதன் தாள்கள் பலவாக இருப்பதைக் கொண்டே அதன் வகுப்பைத் தீர்மானித்தார். அவருடைய முறையில் பூக்கும் செடிகளின் வகுப்புகள் பெரும்பாலும் மகரந்தத்தாள்களின் எண்ணிக்கையாலும் அமைப்பாலுமே பிரிக்கப்பட்டன. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணத் தெரிந்த எவரும் பயன்படுத்தக்கூடிய முறை! பின்னாளில் அம்முறை கைவிடப்பட்டது. ஆயினும், உலகின் தாவரங்களை ஒரு காலத்தில் எண்ணி அடுக்கியது இந்தச் சிறு இழைகளை வைத்துத்தான்.

நம் ஊரிலேயே இருப்பவை

கம்போங் ராஜாவைச் சுற்றி நெகிழிக் கூரையிட்ட தோட்டங்கள் எத்தனை! தக்காளி, குடைமிளகாய், ஸ்ட்ராபெரி, சாமந்தி. இவை ஒவ்வொன்றும் ஓர் ஆய்வுக்கூடம்.

தக்காளிப் பூவில் மகரந்தப்பைகள் ஒன்றோடொன்று சேர்ந்து மஞ்சள் கூம்பாக நிற்கும். தாது அந்தக் கூம்பின் உட்புறமாக வெளிப்படும். பூவை அதிர்த்தால்தான் நன்றாகக் கொட்டும். திறந்தவெளியில் காற்றும், உடலை அதிரவைத்து ரீங்கரிக்கும் சில தேனீக்களும் அந்த வேலையைச் செய்கின்றன. கூரைக்கும் வலைக்கும் உள்ளே காற்று குறைவு, வண்டு குறைவு. ஆகவே செடியைத் தட்டியோ குலுக்கியோ விடுவது பயிரிடுவோர் அறிந்த உத்தி. உங்கள் வகுப்பில் தக்காளித் தோட்டத்தில் வேலை செய்யும் ஒருவரின் பிள்ளை கட்டாயம் இருக்கும். அந்தத் தந்தைக்குத் தெரிந்ததைப் பிள்ளை வகுப்பில் சொல்ல ஒரு முறையாவது இடம் கொடுத்திருக்கிறோமா?

கோணல்மாணலான ஸ்ட்ராபெரியைப் பார்த்திருப்பீர்கள். பூவின் எல்லாச் சூல்களுக்கும் தாது கிடைக்காதபோது, கிடைக்காத பக்கம் பழம் பருக்காது. அவித்த சோளக்கதிரில் இடையிடையே மணி இல்லாத பொக்கைகளும் பெரும்பாலும் அப்படித்தான். சோளத்தின் தலையில் நிற்கும் பூக்கொத்து ஆண். கதிரின் நுனியில் தொங்கும் ஒவ்வோர் இழையும் ஒரு மணியின் பெண் பாகம். தாது எட்டாத இழைக்கு மணி இல்லை.

ரோஜா? காட்டு ரோஜாவுக்கு ஐந்தே இதழ்கள். நாம் விரும்பும் அடுக்கு ரோஜாவின் கூடுதல் இதழ்கள் மகரந்தத்தாள்களாக வந்திருக்கவேண்டியவை. நடுப்பகுதியைப் பொறுமையாகப் பிரித்தால் பாதி இதழும் பாதிப் பையுமாக, எதுவாவது என்று முடிவு செய்யாத ஒன்றிரண்டு அகப்படும். என் மாணவர்களுக்கு இது கிடைத்துவிட்டால் வகுப்பே கூச்சல்தான்.

இனி, அடுக்களைக்கு வருகிறேன். தாய்மார்களே, வாழைப்பூ ஆய்கிறீர்களே, அந்த நுனிப்பூவில் நாம் சமைக்கும் சிறு பூக்கள் ஆண் பூக்கள். ஒவ்வொன்றிலும் மெல்லிய தாள்கள் ஐந்து இருக்கும். வேகாது என்று நீங்கள் உருவி எறிகிற, தீக்குச்சிபோலத் தலை தடித்த அந்தக் ‘கள்ளன்’ இருக்கிறானே, அவன் ஆண் அல்லன்! வளர்ச்சி குன்றிப்போன பெண் பாகத்தின் தண்டும் முடியும் அது. பெயர் வைத்தவர்கள் பால் மாற்றி வைத்துவிட்டார்கள் போலும். இதைச் சொல்லிக்கொடுக்க ஆய்வுக்கூடம் வேண்டாம், ஆங்கிலமும் வேண்டாம். முறமும் கத்தியும் போதும்.

செம்பனையை விட்டுவிடக்கூடாது. இது மலைக்குக் கீழே உள்ள கதையானாலும் நம் மக்களின் கதை. செம்பனை மரத்தில் ஆண் பூங்குலை தனி, பெண் பூங்குலை தனி. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து மரம் வந்தது. அதன் தாதுவைச் சுமக்கும் பூச்சி கூடவே வரவில்லை. எனவே நம் நாட்டுத் தோட்டங்களில் தொழிலாளர்களே ஆண் பூவின் தாதுவைச் சேகரித்து, முகமாவு போன்ற தூளோடு கலந்து, பெண் பூக்களின்மேல் ஊதிவந்தார்கள். வண்டின் வேலையை மனிதர் கூலிக்குச் செய்தார்கள்! 1981இல் பாகிஸ்தானியப் பூச்சியியல் அறிஞர் ரஹ்மான் சையத் ஆய்ந்து கண்ட ஒரு சிறு கூன்வண்டை ஆப்பிரிக்காவின் கேமரூன் நாட்டிலிருந்து கொண்டுவந்து ஜொகூரின் குளுவாங் வட்டாரத்தில் விட்டார்கள். அதன்பிறகு கையால் தாது ஊதும் வேலையே தேவைப்படாமல் போயிற்று. (கேமரூன் வேறு, நம் கேமரன் வேறு. நம் மலைக்கு 1885இல் நில அளவை செய்யவந்த வில்லியம் கேமரனின் பெயர். பிள்ளைகள் குழப்பிக்கொள்வார்கள், ஆசிரியர் சிலரும் குழப்பிக்கொள்வதுண்டு.) இதை அறிந்த பிள்ளை, மகரந்தத்தாளைத் தேர்வுக்கான சொல் என்று நினைக்குமா? தாத்தா பாட்டியின் கூலிநாளோடு ஒட்டிய சொல் என்றல்லவா நினைக்கும்!

வெட்கம் என்னும் திரை

இன்னொன்றும் இருக்கிறது. யாரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை, ஆதலால் நான் சொல்கிறேன். ‘ஆண் பாகம்’, ‘பெண் பாகம்’, ‘இனப்பெருக்கம்’ என்ற சொற்கள் வந்ததும் சில ஆசிரியர்களுக்கு முகம் சிவக்கிறது. பின்வரிசையில் நான்கு பையன்கள் சிரிப்பார்கள். உடனே பாடம் விரைந்து முடியும். “படத்தை வரைந்து பெயரை எழுதுங்கள்.” ஆங்கிலத்தில் நடத்தினால் இந்தக் கூச்சம் வராது என்று ஒரு தோழர் என்னிடமே சொன்னார். கூர்ந்து கேளுங்கள்: புரியாத மொழியில் சொன்னால் வெட்கம் வராது என்கிறார். புரியாமல் இருப்பதையே அவர் நன்மையாகக் கொள்கிறார்!

இந்த வெட்கம் புதிதன்று. பூவுக்கு ஆண், பெண் உண்டு என்பதையே ஐரோப்பா எளிதில் ஏற்கவில்லை. செருமனியின் டியூபிங்கன் நகரில் பேராசிரியராக இருந்த கமராரியசு 1694இல்தான் அதைச் சோதனையால் காட்டி எழுதினார். அவர் சோதித்த செடிகளுள் ஒன்று நம் ஆமணக்கு. ஆமணக்குக் குலையில் ஆண் பூ கீழே, பெண் பூ மேலே. ஆண் பூக்களை அவை விரியுமுன் கிள்ளிவிட்டார். முதிர்ந்த விதை உண்டாகவில்லை. அவ்வளவுதான் சோதனை! கொல்லைப்புறத்தில் பத்து வயதுப் பிள்ளை செய்யக்கூடிய சோதனை. ஆமணக்கெண்ணெயைத் தலைமுறை தலைமுறையாகப் பயன்படுத்திய நாம் அதைச் செய்து எழுதிவைக்கவில்லை. நான் பெருமை பேச வரவில்லை, பேசவும் முடியவில்லை.

பின்னர் லின்னேயசு மகரந்தத்தாள்களைக் கணவர் என்றும் சூலகத்தை மனைவி என்றும் உருவகித்து எழுதினார். சீகசுபெக் என்பவர் 1737இல் கொதித்தெழுந்தார். ஒரு பெண்ணுக்குப் பல கணவரா, இத்தகைய ஒழுக்கக்கேட்டைக் கடவுள் மலர்களில் வைத்திருப்பாரா, இதை இளைஞர்க்குக் கற்பிப்பதா என்பது அவர் கண்டனத்தின் சாரம். இன்று அவருடைய பெயர் நிலைத்திருப்பது ஒரு களைச்செடியின் பெயரில்தான். நம் பள்ளிகளில் அவர் இன்னும் உயிரோடு உலவுகிறார் என்று சில வேளைகளில் எனக்குத் தோன்றுகிறது.

பெற்றோரே, ஒன்றை எண்ணிப் பாருங்கள். உடலைப் பற்றியும் பிறப்பைப் பற்றியும் பிள்ளை முதன்முதலில் கண்ணியமாக அறிந்துகொள்வதற்குப் பூவைவிடத் தூய்மையான வழி உண்டா? அதையும் மூடிவிட்டால் பிள்ளை கைப்பேசியில் கற்கும். என்ன கற்கும் என்பதை நான் எழுதத் தேவையில்லை.

ஆங்கிலம் கேட்போர்க்கு

ஆங்கிலம் வேண்டும் என்போரின் வலுவான வாதத்தை நான் மறைக்கவில்லை. இடைநிலைப் பள்ளியில் மலாய், பல்கலைக்கழகத்தில் பெரும்பாலும் ஆங்கிலம். தமிழில் கற்ற கலைச்சொல் அங்கே எதற்கு உதவும் என்கிறார்கள். நேர்மையான கேள்வி. 2003இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்துக்கு மாறியபோதும் இதே கேள்விதான். அத்திட்டத்தைக் கைவிடுவதாக 2009இல் அறிவித்தபோதும் இதே கேள்வி. 2016இல் இருமொழித் திட்டம் தொடங்கியபோதும் இதுவே.

என் விடை இது. விரலில் தாது ஒட்டிய பிள்ளை படிவம் 1இல் ‘டெபுங்கா’ என்ற சொல்லைக் கேட்கும்போது, தனக்கு முன்பே தெரிந்த ஒன்றின் இன்னொரு பெயரைக் கேட்கிறது. ஒரு நொடியில் ஏற்றுக்கொள்ளும். பின்னர்ப் போலன் என்றாலும் அப்படியே. எதையும் காணாமல் ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்த பிள்ளைக்கோ ஒவ்வொரு மொழியிலும் மீண்டும் புதிதாக மனப்பாடம். எட்டு வயதில் புரிந்துகொள்ளும் மொழியில் புரியவைப்பது காலவிரயம் ஆகாது. ஆனால், தோழர்களே, இந்த விடைக்கு நாம் தகுதியுடையவர்களாக இருக்கவேண்டும். தமிழிலும் மனப்பாடம்தான் நடக்கிறது என்றால் அந்தப் பெற்றோரின் கேள்விக்கு நம்மிடம் விடை இல்லை. அவர்கள் கைதட்டியதும் நியாயமே.

யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டுவிட்டது. ‘தேர்வுக்கு நேரமில்லை’ என்ற சாக்கும் அதோடு போயிருக்கவேண்டும். சாக்கு மட்டும் போகவில்லை. விழா மேடைகளில் கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்கள் என்று பிள்ளைகளை மூச்சுவிடாமல் ஒப்பிக்கச் செய்து பரிசு கொடுக்கிறோம். நானும் நடுவராக அமர்ந்து மகிழ்ந்திருக்கிறேன். அந்தத் தொண்ணூற்றொன்பதில் ஒன்றையேனும் பறித்து, உள்ளே எத்தனை தாள்கள் என்று எண்ணச் சொன்னதுண்டா? காந்தள் கிடைத்தால் எண்ணிப் பாருங்கள், ஆறு இருக்கும். கையுறையோடு எண்ணுங்கள், அதன் கிழங்கும் விதையும் கடும் நஞ்சு.

தேவையானவை மிகச் சில. ஒரு வெள்ளைத்தாள், ஓர் ஊசி, ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடி, ஒட்டுநாடா ஒரு சுருள். பையை ஒட்டுநாடாவில் தொட்டு எடுத்துக் கறுப்பு அட்டையில் ஒட்டினால் தாது தெளிவாகத் தெரியும். இதழ்களை ஒரு வரிசை, தாள்களை ஒரு வரிசை, சூலகத்தைத் தனியே வைத்து ஒட்டச் சொல்லுங்கள். பெயர்களைப் பிள்ளைகளே எழுதட்டும். இரண்டு பாடவேளை ஆகும்.

தோட்டத்துப் பூவை உரிமையாளரிடம் கேட்காமல் பறிக்கவேண்டாம். மருந்து தெளித்த நாளா என்று கேட்டுவிட்டுப் பறியுங்கள். முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கைகழுவச் செய்யுங்கள். சாலையோரங்களில் தலைகீழாகத் தொங்கும் அந்தப் பெரிய எக்காளப் பூவை மட்டும் வகுப்புக்குக் கொண்டுவராதீர்கள். பார்க்க அழகு, தாள்களும் பெரியவை. ஆனால் ஊமத்தையின் உறவு, அதன் எல்லாப் பாகமும் நஞ்சு. ஆஸ்துமா உள்ள பிள்ளைகளைச் சன்னல் பக்கம் அமர்த்துங்கள். தேயிலைப் பூ கிடைக்காதவர்கள் பழைய வேலியோரங்களில், வெட்டாமல் விட்ட செடிகளில் தேடுங்கள். கிடைத்தால் அன்றே வகுப்புக்குக் கொண்டுபோய்விடுங்கள். மறுநாளைக்கு வைத்தால் தாள்கள் உதிரத் தொடங்கிவிடும்.